“டாக்டர் எங்கம்மா?”

கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்ததும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரியில் முடிந்திருந்தன: “பெயர் போட வேண்டாம்.” இதய டாக்டருக்கு எழுதுகிறவர்கள் இப்படிக் கேட்பதில்லை. சரி, யார் பெயரும் வேண்டாம். ஊரும் தொழிலும் மட்டும் இருக்கட்டும். நான் மதுரையில் சிறுநீரியல் அறுவை சிகிச்சை மருத்துவர். என் பெயரையும் அந்தக் கணக்கிலேயே விட்டுவிடுங்கள்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். டாக்டராக ஆசை. ஒரு பெண் எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள்? வீட்டில் என்ன சொன்னார்கள்?
– மாணவி, விருதுநகர்

ஐந்தரை வருஷம் எம்.பி.பி.எஸ்., அப்புறம் பொது அறுவை சிகிச்சையில் மூன்று வருஷம் எம்.எஸ்., அதற்கு மேல் சிறுநீரியலில் மூன்று வருஷம் எம்.சி.எச். முதல் இரண்டும் மதுரை மருத்துவக் கல்லூரியில், கடைசியாகச் சென்னை மருத்துவக் கல்லூரியில். கூட்டிப் பார்த்தால் பதினொன்றரை வருஷம். நடுவில் நுழைவுத் தேர்வுக்குப் படித்த மாதங்கள் தனி. இது கணக்கு.

கதை என்றால் முதுகுளத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் தொடங்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயது. தாத்தா கொல்லைப்பக்கம் போனால் அரை மணி நேரம் நின்றுகொண்டே இருப்பார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு நாள் ராத்திரி சுத்தமாக அடைத்துக்கொண்டது. வேட்டி முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேர்த்து வழிய, தெரிந்தவர் வேனில் உட்கார்ந்து வந்தார். வேன் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பல்லைக் கடிப்பார். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, என்னைப் பார்த்து, “போன உசுரு வந்துருச்சு தாயி” என்றார். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர் அதைப் பற்றி எங்களிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

அன்றே முடிவு செய்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய். அப்போது நான் பரத நாட்டிய டீச்சராக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். எம்.எஸ். படிக்கையில் முதல்முறை கேமரா வழியாக ஒரு சிறுநீர்ப்பைக்குள் பார்த்ததுதான் என்னை இழுத்தது. உள்ளே இளஞ்சிவப்பாக, மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடிய சுவர். அடியில் இடமும் வலமுமாக இரண்டு சின்னத் துவாரங்கள். சில வினாடிக்கு ஒருமுறை ஒன்று திறந்து ஒரு சிறு பீச்சல் விட்டு மூடிக்கொள்ளும், பிறகு மற்றது. சிறுநீரகத்திலிருந்து நீர் இறங்கும் வேலை. நமக்குத் தெரியாமல் இரவும் பகலும் அது நடந்துகொண்டிருக்கிறது. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, “போதும்மா, பேஷண்ட் காத்திருக்கார்” என்றார் சீனியர்.

வீட்டில் சொன்னதைக் கேட்கிறீர்கள். “படிச்சது படிச்ச, பிரசவ டாக்டராகக் கூடாதா? மூத்திர டாக்டர்னு எப்படிப் பத்திரிகையில போடுறது?” என்றார் பெரியம்மா. கல்யாணப் பத்திரிகையைச் சொன்னார். அவருக்கு ஒரு ஜெர்மன்காரர் கதையைச் சொல்லிப் பார்த்தேன். 1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், சிறுநீர்க்குழாய்க்கு வைத்திருந்த மெல்லிய டியூபைத் தன் முழங்கை மடிப்பு ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, இதயம் வரை கொண்டுபோய், அப்படியே நடந்து எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். 1956-இல் அதற்கு நோபல் பரிசு வந்தபோது அவர் ஒரு சின்ன ஊரில் சிறுநீரியல் மருத்துவர். பெரியம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, “அவன் ஆம்பள” என்றார்.

முதல் இரண்டு மூன்று வருஷம் உள்ளே வரும் பெரியவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, “டாக்டர் எங்கம்மா?” என்பார்கள். “நான்தான் ஐயா.” “இல்ல, பெரிய டாக்டர்.” இப்போது தலை நரைத்துவிட்டது, கேள்வி குறைந்துவிட்டது. பெரியவர்களிடம் நான் நேரடியாக “யூரின் எப்படிப் போகுது?” என்று தொடங்குவதில்லை. “நல்லாப் போகுது” என்றுதான் பதில் வரும். “முன்னெல்லாம் சுவத்துல பட்டிருக்கும், இப்பச் செருப்பு மேல விழுதா?” என்று கேட்பேன். அவ்வளவுதான், சிரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் வரும். பரிசோதனை திரைக்குள், கூடவே எங்கள் ஆண் உதவியாளர் இருப்பார். கூட வந்த மருமகளை அதற்கு முன்பே வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன். மருமகள் எதிரில் எந்த மாமனாரும் உண்மை சொல்லி நான் பார்த்ததில்லை.

கிட்னி டாக்டர் என்றால் ஒருவர்தானே? என்னை நெஃப்ராலஜிஸ்ட்டிடம் போ என்கிறார்கள், அவர் யூராலஜிஸ்ட்டிடம் போ என்கிறார்.
– ஆட்டோ ஓட்டுநர், திருமங்கலம்

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். இன்ஜின் பழுதைப் பார்ப்பவர் நெஃப்ராலஜிஸ்ட்: ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேலை குறைவது, கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுவது, டயாலிசிஸ் எல்லாம் அவர் பாடு. பைப் அடைத்தால், ஒழுகினால், உள்ளே கல்லோ கட்டியோ இருந்தால் யூராலஜிஸ்ட்டான நான். பைப் அடைத்து இன்ஜினும் கெட்டால் இருவரும். உங்களை அலையவிட்டது தப்புதான், ஆனால் இருவரில் யாரும் ஏமாற்றவில்லை.

வயது 68. ராத்திரி நான்கைந்து முறை எழுந்திருக்கிறேன். ஸ்கேனில் புராஸ்டேட் வீக்கம் என்று வந்தது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறான் மகன். மாத்திரை போதுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

ஐயா, புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பி, வீங்கினால் நீர் வரும் வழியை நெருக்கும். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்று நாள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனீர்கள். அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை மருந்துக் கடையில் கிடைக்கும்.

குவளை வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம் வந்தார். உங்கள் வயது, உங்கள் பிரச்சினையேதான். நோட்டு எழுதச் சொன்னேன். மூன்றாம் நாள் கோடு போட்டு, முத்து முத்தாக எழுதிக் கொண்டுவந்தார்: “இரவு 11.40 – 2 ஆழாக்கு. 1.15 – 1¾ ஆழாக்கு.” ஓர் ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி என்று போனில் பார்த்து நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனைவி கதவோரம் நின்று, “கேளுங்க டாக்டரம்மா, அரிசி அளக்கிற ஆழாக்கு” என்றார். புது ஆழாக்கு வாங்கித் தரும்படி மருந்துச் சீட்டிலேயே எழுதிக்கொடுத்தேன்.

ஆனால் அந்த நோட்டுதான் அவரை ஆபரேஷனிலிருந்து காப்பாற்றியது. ஒவ்வொரு முறையும் 300 மில்லியை ஒட்டிப் போயிருக்கிறார். சிறுநீர்ப்பை நன்றாகவே பிடிக்கிறது, நன்றாகவே காலியாகிறது. பிரச்சினை, ஒரு நாள் முழுவதும் போவதில் பாதி ராத்திரியில் போகிறது. ஏன்? படுக்கப் போகும்போது ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். போதாததற்குக் கால் வீக்கத்துக்குக் கொடுத்த நீர் பிரியும் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார். சொம்பை நிறுத்தினோம். அவருடைய டாக்டரிடம் பேசி மாத்திரையைக் காலைக்கு மாற்றினோம். ஐந்து முறை இரண்டானது. அவருக்கும் ஸ்கேனில் புராஸ்டேட் வீக்கம்தான். அறுபது தாண்டிய ஆண்களுக்கு ஸ்கேன் எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் வரும். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு யாரும் ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது.

உங்களுக்கும் அதேதான் என்று நான் சொல்லவில்லை, பார்க்காமல் சொல்ல முடியாது. சர்க்கரை கூடியிருந்தாலும் இப்படி எழுப்பும், அதைப் பாருங்கள். தாரை மெலிந்து, முக்கி, விட்டு விட்டுப் போனால் மாத்திரை நன்றாகக் கேட்கும். அதைப் போட்ட முதல் சில நாள் படுக்கையிலிருந்து சட்டென்று எழ வேண்டாம், தலை சுற்றும். முழுதாக அடைத்துக்கொள்வது, அடிக்கடி நோய்த்தொற்று, பையில் கல், கிட்னி வீங்குவது, திரும்பத் திரும்ப ரத்தம் வருவது – இவை இருந்தால் மகன் சொல்வது சரி, தள்ளிப்போடாதீர்கள். இப்போது பெரும்பாலும் வயிற்றைக் கிழிப்பதில்லை, சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு எடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று. சளிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் சில, புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு நீரை முழுதாக அடைத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் நடுராத்திரி டியூப் போட வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “சளி பிடிச்சுச்சா ஐயா?”

துபாயிலிருந்து வந்திருக்கும் மகனுக்கு (28) 6 மி.மீ. கல். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறேன். தக்காளி, பால் நிறுத்திவிட்டேன். நண்பர்கள் பீர் குடிக்கச் சொல்கிறார்களாம். வெளியிலிருந்தே அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைக்கலாமா?
– இல்லத்தரசி, அருப்புக்கோட்டை

பாலைத் திரும்பக் கொடுங்கள். சுண்ணாம்புக் கல் என்பதால் சுண்ணாம்புச் சத்தை நிறுத்த வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான், ஆனால் உள்ளே நடப்பது வேறு. சாப்பாட்டோடு போகும் கால்சியம் (சுண்ணாம்புச் சத்து), உணவில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடுகிறது. பாலை நிறுத்தினால் அந்த ஆக்சலேட் தனியாக ரத்தத்துக்குள் போய், கிட்னியில் கல்லாகிறது. தக்காளி ஒன்றிரண்டு சாம்பாரில் போனால் ஒன்றும் ஆகாது. குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு. வாழைத்தண்டு நல்ல காய், பொரியலாகச் சாப்பிடலாம். ஏற்கெனவே உள்ள சுண்ணாம்புக் கல்லை அது கரைக்காது. மருந்தால் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல், அது வேறு வகை.

பீர் குடித்தால் கல் விழும் என்று ஒரு பெண் நோயாளிகூட என்னிடம் இதுவரை சொன்னதில்லை என்பதை மட்டும் குறிப்பிட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர் “நிறைய” என்று சொன்னால் யாருக்கும் அளவு புரியாது. ஒரு நாளில் வெளியே போவது இரண்டு, இரண்டரை லிட்டராவது இருக்க வேண்டும், அதற்கு ஏற்பக் குடிக்க வேண்டும். துபாய் வெயிலில் நிற்பவருக்குப் பாதி வேர்வையிலேயே போய்விடும். நிறம் வைக்கோல் போல வெளுப்பாக இருந்தால் சரி, டீ மாதிரி இருந்தால் போதவில்லை. 5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தானாக விழும். 6 என்றால் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது, வலி தாங்கினால் நான்கு வாரம் வரை மாத்திரையோடு காத்திருக்கலாம். குளிர் காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது, அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி.

வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது விமானக் கம்பெனி தந்த கொடை. வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று டோர்னியர் நிறுவனத்தார் ஆராய்ந்ததிலிருந்து கிளைத்து, 1980-இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குக் கல் உடைத்தார்கள். எல்லாக் கல்லுக்கும் சரிவராது, மகனின் ஸ்கேனைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆறு வாரம் முன்பு கல் எடுத்தார்கள். இப்போதும் எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போல, போகும்போது விலாவில் வலி. நடந்தால் லேசாக ரத்தம். ஆபரேஷன் தோல்வியா?
– மின் பணியாளர், தேனி

உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டை இப்போதே எடுங்கள். “ஸ்டென்ட்” அல்லது “டி.ஜே.” என்று ஆங்கிலத்தில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உங்கள் உடம்புக்குள் ஒரு டியூப் இருக்கிறது. கிட்னியிலிருந்து பை வரை, வீக்கத்தில் வழி அடைத்துக்கொள்ளாமல் இருக்க வைப்பது. நீங்கள் சொன்ன நான்கு தொந்தரவும் அது செய்யக்கூடியவைதான். எடுத்தால் போய்விடும். எடுக்கத்தான் வேண்டும், அதுவாக விழாது.

இந்தப் பதிலை நான் சற்றுப் பதறி எழுதுவதற்கு ஒரு கொத்தனார் காரணம். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த காலம், ஊரைச் சொல்ல வேண்டாம். அவருக்குக் கல் எடுத்து டியூப் வைத்தேன். “ஒரு மாசம் கழிச்சு வந்து பாருங்க” என்றேன். மற்றதெல்லாம் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். வலி போய்விட்டது, அவர் வேலைக்காகக் கேரளம் போய்விட்டார். உடம்பு நன்றாக இருக்கும்போது யார் வந்து பார்ப்பார்கள்? இரண்டரை வருஷம் கழித்துக் காய்ச்சலோடு வந்தார். எக்ஸ்ரேயில் டியூப் முழுக்கக் கல் படிந்து, இரண்டு நுனியிலும் எலுமிச்சை அளவுக்கு உருண்டிருந்தது. மூன்று ஆபரேஷன். அந்தப் பக்கக் கிட்னியின் வேலை பாதிக்கு மேல் திரும்பவில்லை.

அவர் என்னைத் திட்டவே இல்லை. “நீங்க உள்ள ஏதோ வெச்சிருக்கீங்கனு தெரிஞ்சிருந்தா வந்திருப்பேம்மா” என்றார். நான் சொல்லவில்லை. வந்து பாருங்கள் என்றேன், உள்ளே ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் மேஜையில் கடைக்காரர்கள் வைத்திருப்பது போல ஒரு நீளப் பேரேடு இருக்கிறது. டியூப் வைத்த ஒவ்வொருவர் பெயரும், வைத்த தேதியும், எடுக்க வேண்டிய தேதியும், வீட்டில் இரண்டு பேர் போன் நம்பரும். எடுத்தால்தான் சிவப்பு மையில் அடிப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடிக்காத பெயர்களுக்கெல்லாம் போன் போகும். அப்புறம், வைப்பதற்கு முன்னால் ஒரு டியூபை அவர் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு முழத்தில் பாதிக்கு மேல் நீளம், இரண்டு நுனியும் பன்றி வால் போலச் சுருண்டிருக்கும். தொட்டுப் பார்த்தவர் மறப்பதில்லை.

உங்களுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது. பொதுவாக எடுத்துவிடும் காலம்தான். மூன்று மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். எடுப்பது ஜெல்லி தடவி, கேமரா விட்டு, சில நிமிஷ வேலை. செய்த டாக்டருக்கு நாளைக் காலை போன் செய்யுங்கள். அவர் மறந்திருந்தால் கோபப்படாதீர்கள், நினைவூட்டுங்கள்.

ஜவுளிக்கடையில் வேலை. கழிப்பறை கீழ்த்தளத்தில், நாங்கள் மூன்றாம் மாடி. காலையில் வந்தால் தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு. இருமினால் கசிகிறது. வயது 34.
– விற்பனைப் பெண், மதுரை

உங்கள் கடிதம் மாதிரி ஆறு வந்திருக்கிறது. கடையில் உட்கார்ந்து வேலை பார்க்க இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். நல்லது. உட்காரலாம், எழுந்து போகத்தான் முடியவில்லை.

இரண்டு விஷயத்தையும் பிரித்துப் பாருங்கள். கடுப்பு, தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைப்பதால் திரும்பத் திரும்ப வருவது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போயே ஆக வேண்டும். கசிவு, பையைத் தாங்கும் அடித்தசை தளர்ந்ததால் வருவது, பிரசவம் ஆனவர்களுக்குச் சாதாரணம். அதற்குப் பயிற்சி: நாலு பேர் நடுவில் காற்றை அடக்குகிறீர்கள் அல்லவா, அப்படி இறுக்கி, ஐந்து எண்ணி, விடுங்கள். பிறகு பத்து வரை எண்ணப் பழகலாம். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சேலை விரித்துக் காட்டும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள், அதற்கு முன் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். நீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம்.

மாடிப் பிரச்சினைக்கு என்னிடம் மாத்திரை இல்லை, லெட்டர்பேட் இருக்கிறது. “இவர் மருத்துவக் காரணத்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை செல்ல வேண்டும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பேன். ஒருமுறை ஒரு முதலாளி போன் செய்து, “என்ன டாக்டர், இப்படிக் கொடுத்தா எல்லாப் பிள்ளைகளும் சீட்டுக் கேட்குமே” என்றார். “எல்லாரையும் அனுப்புங்க, எழுதித் தர்றேன்” என்றேன். நீங்களும் வாங்க.

“ஆண்மைக் குறைவு, ரகசிய சிகிச்சை” என்று லாட்ஜில் பார்க்கும் வைத்தியரிடம் ஒரு தொகை கட்டிவிட்டேன். குணமில்லை. வயது 41, சர்க்கரை உண்டு.
– ஊர் வேண்டாம்

பணம் போனது போகட்டும். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது, அதனால் அடைப்பு அங்கே முதலில் தெரியும். உங்கள் வயதில், சர்க்கரையோடு, இதற்காக வந்தவருக்கு நான் முதலில் எழுதுவது ஈ.சி.ஜி.யும் கொழுப்புப் பரிசோதனையும். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால், கடையில் கிடைக்கும் நீல மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். என்னிடம் வரக் கூச்சமாக இருந்தால் அடுத்த அறையில் ஆண் டாக்டர் இருக்கிறார். எனக்கு வருத்தமே இல்லை.

போன மாதம் ஒரே ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. மறுநாள் சரியாகிவிட்டது. சூடுதான் என்று இளநீர் குடித்தேன். இதற்கெல்லாம் டாக்டரிடம் போக வேண்டுமா? வயது 57. பீடி உண்டு.
– டீக்கடை உரிமையாளர், உசிலம்பட்டி

போக வேண்டும். இந்த வாரமே.

முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தாலும், காசநோய் மாத்திரை எடுத்தாலும் சிவக்கும். அவை இல்லையென்றால் அது ரத்தம். வலியோடு வந்திருந்தால் கல்லாக இருக்கலாம் என்று சற்று நிதானமாக எழுதியிருப்பேன். வலியில்லாமல் வந்து தானாக நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோய் பல நேரம் இப்படித்தான் ஒரு நாள் முகத்தைக் காட்டிவிட்டு மாதக்கணக்கில் ஒளிந்துகொள்ளும். புகை அதற்கு முதல் காரணம். நெஞ்சுக்குள் போன புகையின் விஷம் ரத்தத்தில் கலந்து, கிட்னி வடிகட்டி, பையில் வந்து மணிக்கணக்கில் தேங்குகிறது. ஆரம்பத்தில் பிடித்தால் கேமரா வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம்.

ஸ்கேன் எடுங்கள், சிறுநீரை உயிரணுப் பரிசோதனைக்குக் கொடுங்கள், கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஒரு பஸ்தான், காலையில் சீக்கிரம் வந்தால் ஓ.பி. சீட்டு வாங்கிவிடலாம். கடையை அன்று ஒரு நாள் வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றுமில்லை என்று வந்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். ஏதாவது இருக்கிறது என்று வந்தாலும் போடுங்கள். கடிதத்தில் உங்கள் பெயர் இல்லை, பேரேட்டில் “டீக்கடை, உசிலம்பட்டி” என்று எழுதி வைத்திருக்கிறேன்.